நம்பிக்கைச் சங்கிலியில் ஓர் அலகு

என் இடது சிறுநீரகம் ஆறு வருடமாக என் அக்காவிடம் இருக்கிறது. ஒரு தாளில் நான் ஒரு கையெழுத்து, அவள் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் கொடுக்கல் வாங்கல். அதன் மேல் யாரும் இயந்திரம் படிக்கிற கியூஆர் சதுரக் கட்டம் ஒட்டவில்லை. அது வழியில் இருக்கும்போது எத்தனை டிகிரி சூடு என்று பதினோரு அலுவலகங்கள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் போய்ச் சேர்ந்தது, வேலை செய்தது. அக்கா வீட்டில் உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டு, நன்றாகத்தான் இருந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததைக் கேட்டுவிட்டு என்னைக் கல்நெஞ்சன் என்று சொல்ல வருகிறவர்கள், இந்தப் பத்தியை இன்னொரு தடவை படித்துவிட்டு வரட்டும்.

நான் பொது மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். பத்தொன்பது வருடமாக என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் நான் 'ஸ்டோர்'. கட்டடத்தின் அடித்தளத்தில் என் மேசை. மேசைக்குப் பின்னால் குளிர் அறை. அதற்கு ஓர் இரும்புக் கதவு, மருந்தை எடுத்து நீட்ட முழங்கை நுழையும் அளவில் ஒரு கண்ணாடி ஜன்னல். அக்காவின் ஊசி மருந்து அங்கேதான் இருக்கும். ஒட்டவைத்த உறுப்பை உடம்பு வெளியாள் என்று தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்கிற மருந்து அது. மாதம் ஒன்று போட வேண்டும். வெளிக்கடைகளில் கிடைக்காது, எங்கள் துறை மூலமாக மட்டும்தான் வரும்.

சங்கிலி வந்தது இப்படித்தான். எங்கோ ஒரு கிடங்கில் காய்ச்சல் மாத்திரைக்குள் சுண்ணாம்புப் பொடி இருந்ததாகப் பத்திரிகையில் வந்தது. சுண்ணாம்பு வைத்தவனைப் பிடிக்க முடியவில்லை. அதனால் எங்களைப் பிடித்தார்கள்.

எங்களுக்கு மூன்று நாள் வகுப்பு நடந்தது. நடத்தியவர், அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத ஓர் ஒப்பந்தக்காரர். நாங்கள் அவரைக் கோட்டுக்காரர் என்றோம். "இதுக்குப் பேரு பிளாக்செயின்," என்றார். "ஒரு பெட்டி கை மாறினா, கொடுக்கறவர் கட்டைவிரல் வெப்பார், வாங்கறவர் கட்டைவிரல் வெப்பார். அந்தப் பதிவு ஒரே நேரத்துல பதினோரு ஆபீஸ்ல ஏறிடும். ஒரு ஆபீஸ்ல அழிச்சாலும் மத்த பத்துல இருக்கும். அதனால யாராலயும் அழிக்க முடியாது."

நான் கையைத் தூக்கினேன். "தப்பா ஏறிட்டா?"

"தப்பா ஏறாது."

"ஏன் சார்?"

"அழிக்க முடியாதுன்னு தெரிஞ்சா யாராவது தப்பா எழுதுவாங்களா?"

இதை அவர் என்னைப் பார்த்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்வது போலச் சொன்னார். நானும் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தொடக்க விழா எங்கள் கிடங்கிலேயே நடந்தது. மருந்து ஆணையர் வந்திருந்தார். நெடிய ஆள், வெள்ளைச் சட்டை, மார்பில் புத்தம் புது அடையாள அட்டை. ஒலிபெருக்கி முன்னால் நின்று அவர் பேசியதை நான் மறக்கவே மாட்டேன். "இதுவரை நாம் மனிதர்களை நம்பி வந்தோம். அதுவே இத்துறையின் மிகப் பெரிய பலவீனம். இனி யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை. அதனால்தான் இதற்கு நம்பிக்கைச் சங்கிலி என்று நானே பெயர் வைத்தேன். சங்கிலியில் இருப்பது உலகத்தில் இருக்கிறது. சங்கிலியில் இல்லாதது உலகத்தில் இல்லை."

எல்லோரும் கைதட்டினோம். பிறகு முதல் பெட்டியை அவர் எனக்குக் கொடுக்க வேண்டும். போட்டோக்காரர் "கொஞ்சம் மார்போட சேர்த்துப் பிடிங்க சார்" என்றார். ஆணையர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். பெட்டியின் சதுரக் கட்டத்தைப் படிக்க நான் இயந்திரத்தை நீட்டினேன். பீப் என்றது. கொடுப்பவர் என்று அவர் கட்டைவிரல் வைத்தார், பெறுபவர் என்று நான் வைத்தேன். மறுபடி கைதட்டல்.

அன்று மாலை என் இருப்புப் பட்டியலில் அந்த முதல் பெட்டி இல்லை. அதற்குப் பதிலாக, நான் கேள்விப்படாத ஒரு பொருள் இருந்தது. எண்: ம-0001. அளவு: ஓர் அலகு. காப்பு வெப்பநிலை: இரண்டு முதல் எட்டு டிகிரி. காலாவதி: இன்றிலிருந்து ஓராண்டு. வகை சொல்லாத எந்தப் பொருளுக்கும் இயந்திரம் தானாகவே இப்படிப் போட்டுக்கொள்ளுமாம். நான் அறை முழுக்கத் தேடினேன், மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். அப்படி ஒரு பொருளே இல்லை.

இல்லாத பொருள் பட்டியலில் இருக்கிறது என்று கடிதம் எழுதினேன். ஆணையர் கையெழுத்தோடு பதில் வந்தது. 'தங்கள் கோரிக்கை பெறப்பட்டது. சங்கிலியில் தவறு நேராது. பொருள் தங்கள் பொறுப்பில் உள்ளது.' இரண்டாவது கடிதத்துக்கும் அதே மூன்று வரி. மூன்றாவது கடிதத்துக்குக் குறிப்பாணை வந்தது. துறையின் முதல் பொருளையே தொலைத்துவிட்டேன் என்றும், அதைக் கண்டுபிடித்து முன்னால் வைக்காவிட்டால் என் மேல் திருட்டு வழக்கு என்றும் அதில் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரு பஞ்சுச் சுருள்கூடத் தொலைக்காதவன் நான். அந்தக் குறிப்பாணையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பத்து மாதம் அது அங்கேயே இருந்தது.

பழைய இருப்பு இருந்தவரை அக்காவுக்கு ஊசி தடையில்லாமல் போனது. பத்தாவது மாதம் அது தீர்ந்தது. புதிதாக மூன்று பெட்டிகள் லாரியில் வந்தன. ஓட்டி வந்தவர் லாரி அண்ணன். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எங்களுக்கு மருந்து கொண்டுவருகிறவர்.

"அண்ணே, கட்டைவிரல்."

வைத்தார். சிவப்பு.

"துடைச்சுட்டு வைங்க."

லுங்கியில் துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. வலது, இடது, எச்சில் தொட்டு, தொடாமல், எல்லாம் பார்த்தோம். சிவப்பு.

"முப்பது வருஷம் பெட்டி தூக்கினவனுக்குக் கையில ரேகை எங்கப்பா இருக்கும்?" என்றார் லாரி அண்ணன். "எல்லாம் பெட்டியிலதான் ஒட்டிக்கிட்டு இருக்கும். அங்க தேடச் சொல்லு."

விரல் வைக்க இயந்திரம் கொடுக்கிற அறுபது வினாடி முடிந்துபோனது. வெளியே சட்டை நனைகிற வெயில். பெட்டிகளை வெளியே விட்டால் கெட்டுப்போகும். ஓடிப்போய் அவற்றைக் குளிர் அறையின் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அலமாரி க்ளிக் என்று தானே பூட்டிக்கொண்டது. அது சங்கிலிப் பூட்டு. சங்கிலியின் கணக்கில் அந்த மூன்று பெட்டிகளும் இன்னும் லாரியில் இருந்தன. அப்படியானால் என் அலமாரி காலி. காலி அலமாரியை எதற்குத் திறக்க வேண்டும்?

கோட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"அந்த அலமாரி காலி சார்," என்றார்.

"சார், உள்ள மூணு பெட்டி இருக்கு. நான் கண்ணால பாக்கறேன்."

"நீங்க பாக்கறது ஒரு ஆளோட சாட்சி. சங்கிலிக்குப் பதினோரு சாட்சி. பதினோரு பேரும் காலிங்கறாங்க. ஜனநாயகம் சார்."

"அப்ப கண்ணாடிய உடைச்சு எடுத்துக்கவா?"

"தாராளமா உடைங்க. பக்கத்து மருத்துவமனையில ஒருத்தர் உடைச்சார். இப்ப உள்ளதான் இருக்கார்."

லாரி அண்ணன் கதை இன்னும் அழகு. மூன்று பெட்டி மருந்தை லாரியில் பதுக்கி வைத்திருப்பதாகச் சொல்லி அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். லாரிக்குச் சீல் வைத்தார்கள். காலி லாரியைச் சுற்றி இரண்டு போலீஸ்காரர்கள் பகலெல்லாம் நின்றார்கள். உள்ளே வெப்பம் ஏறிவிட்டது என்று தினம் காலையில் சங்கிலி எச்சரித்தது, ஆகவே லாரிக்குள் ஒரு ஐஸ் கட்டி வைக்கச் சொல்லியும் உத்தரவு வந்தது. வைத்தார்கள். அது உருகியது. மறுநாள் வேறு வைத்தார்கள்.

அதே மாதம் நாற்பது பெட்டி காய்ச்சல் மாத்திரை வந்து இறங்கியது. ஒவ்வொரு பெட்டியும் பச்சை. எல்லா விரலும் சரி, எல்லா வெப்பமும் சரி, எல்லா அலுவலகமும் சரி. ஒரு மாத்திரையை எடுத்து நுனி நாக்கில் வைத்தேன். சுண்ணாம்பு. பத்தொன்பது வருடம் மாத்திரைக்கு நடுவில் இருந்தவனுக்கு அது தெரியாமல் போகாது. ஆணையர் அலுவலகத்துக்குச் சொன்னேன். "பச்சைதானே காட்டுது?" என்றார்கள். "பச்சைதான், ஆனா சுண்ணாம்பு" என்றேன். "உங்க நாக்குக்கு யாருங்க அங்கீகாரம் கொடுத்தது?" என்றார்கள். நோயாளிகளுக்குக் கொடுக்காமல் நல்ல மருந்தை நிறுத்தி வைத்ததற்காக அடுத்த குறிப்பாணை வந்தது. ஆக, சுண்ணாம்புக்குப் பச்சை, என் அக்காவின் மருந்துக்குச் சிவப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அப்போதும் நான் மரியாதையாகத்தான் இருந்தேன்.

அக்காவுக்கு ஒரு மாத ஊசி தவறியது. பிறகு இரண்டாவது மாதம் வந்தது. கால் வீங்கியது. தையல் மிஷினை மிதிக்க முடியவில்லை. "செருப்புதான்டா சின்னதாயிடுச்சு" என்று சமாளித்தாள். செருப்பு எப்படியக்கா சின்னதாகும் என்று கேட்டுவிட்டு, மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு ஆணையரைப் பார்க்கப் போனேன்.

காலை ஒன்பதுக்குப் போய், மூன்று மணிக்கு உள்ளே விட்டார்கள். ஆணையர் கனிவாகத்தான் பேசினார். அக்காவை நாற்காலியில் உட்காரக்கூடச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கணினியில் எதையோ தட்டிப் பார்த்தார்.

"இந்தம்மா சங்கிலியில எங்க இருக்காங்க?"

"இவங்க நோயாளிங்க ஐயா. ஊசி இவங்களுக்குத்தான்."

"நோயாளிங்கள இன்னும் சங்கிலியில சேர்க்கலய்யா. அது ரெண்டாம் கட்டம். முதல் கட்டம் கம்பெனியில ஆரம்பிச்சு உங்க கிடங்கோட முடிஞ்சிடுது."

"அப்ப இவங்க?"

"இப்போதைக்கு இவங்க இல்ல." அதைச் சொல்லிவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஒரு ஆளுக்காக ஒரு வளையத்தத் தளர்த்தினா அப்புறம் அது சங்கிலியே இல்ல. நாட்டுக்காக ஒரு தியாகம் பண்றோம்னு நினைச்சுக்குங்க. உங்களுக்கே பெருமையா இருக்கும்."

அக்கா வீங்கிய காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள், ஏதோ அவள் தப்புச் செய்துவிட்ட மாதிரி. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பார்வையைக் கீழே இறக்கினேன். அது அவர் மார்பில் போய் நின்றது. அடையாள அட்டை. அதில் ஒரு சதுரக் கட்டம். அதன் கீழே பொடி எழுத்தில்: ம-0001.

கோட்டுக்காரர் அட்டைக்கென்று தனி எண் வரிசை போடச் சோம்பல்பட்டு, மருந்துப் பெட்டி எண் வரிசையிலேயே அச்சடித்திருக்கிறார். விழாவன்று என் இயந்திரம் பெட்டியைப் படிக்கவில்லை, பெட்டிக்கு மேலே தொங்கிய அட்டையைப் படித்திருக்கிறது. கொடுப்பவர் என்று விரல் வைத்து, ஆணையர் தன்னைத் தானே எனக்குக் கொடுத்திருக்கிறார். நான் ஒரு வருடமாகத் தேடிய பொருள் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

நல்ல மனதோடு சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஐயா, அந்தச் சங்கிலியில ஒரு சின்னத் தப்பு..."

"சங்கிலியில தப்பு வராதுய்யா," என்று கையைக் காட்டினார். "போயிட்டு வாங்க."

சரி என்று வாயை மூடிக்கொண்டேன். பஸ் நிறுத்தத்தில் அக்கா என்னையே உற்றுப் பார்த்தாள்.

"ஏன்டா சிரிக்கற? இங்க சிரிக்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. தொலைஞ்ச பொருள் ஒண்ணு கிடைச்சுது."

அடுத்த வாரம் அக்காவை வார்டில் சேர்த்தோம். சிறுநீரக டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "ஸ்டோர், உங்ககிட்ட மறைச்சுப் பேசறதுல அர்த்தமில்ல. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஊசி போடலன்னா உங்க கிட்னிய மறந்துடுங்க."

"மருந்து சங்கிலியில சிவப்பா இருக்கே டாக்டர். கொண்டு வந்தா போடுவீங்களா?"

"நான் சங்கிலிய பாக்கறதில்ல. குப்பிய பாப்பேன், பேர பாப்பேன், போடுவேன். நீங்க கொண்டு வாங்க."

வீட்டுக்குப் போய் அக்காவின் தையல் மிஷின் பெட்டியைத் திறந்தேன். நூற்கண்டுகளுக்கு நடுவில் ஒரு சுத்தியல் கிடந்தது. அதை எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஜெயில் என்றால் ஜெயில் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் மறுநாள் காலை கிடங்குக்குப் போனால் உள்ளே கால் வைக்க இடமில்லை. நாற்காலிகள், பூச்சாடிகள், ஒலிபெருக்கி, போட்டோக்காரர், கோட்டுக்காரர். நம்பிக்கைச் சங்கிலியின் முதலாண்டு நிறைவு விழா. எனக்குப் பொறி தட்டியது. இன்றோடு ஓராண்டு. சுத்தியலை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ஆணையரை வரவேற்க வாசலில் போய் நின்றேன்.

ஆணையர் பத்து மணிக்கு வந்தார். பேசினார். ஓராண்டில் ஒரு தவறான பதிவுகூட இல்லை, ஏனென்றால் ஒரு பதிவையும் திருத்தவில்லை என்றார். கைதட்டல் முடிந்ததும் குளிர் அறைக்குள் அலமாரிகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம், கூட்டம் போனால் குளிர் குறையும். ஆகவே அவர் மட்டும் உள்ளே, போட்டோக்காரர் ஜன்னலுக்கு வெளியே.

அந்த அறையின் கதவு நிலையில் சதுரக் கட்டம் படிக்கிற கருவி ஒன்று இருக்கிறது. உள்ளே போகிற, வெளியே வருகிற ஒவ்வொரு பெட்டியையும் அது படிக்கும். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகத் தெரியும். நான் வாசலில் நின்று சொன்ன வாசகமும் நினைவிருக்கிறது.

"ஐயா, அட்டைய நல்லா வெளிய தெரியற மாதிரி போட்டுக்குங்க. படத்துல விழணும்."

"அட, ஆமா," என்று அட்டையை நிமிர்த்திவிட்டு உள்ளே போனார்.

பீப் என்றது. கதவு தானே சாத்திக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. கதவுக்கு மேலிருந்த மின்பலகையில் எழுத்துகள் ஓடின. 'காணாமல் போன பொருள் ம-0001 கிடைத்தது. ஓராண்டு குளிருக்கு வெளியே இருந்துள்ளது. காலாவதி: இன்று. தனிமைப்படுத்தப்பட்டது.'

ஆணையர் ஜன்னலுக்கு வந்தார். "என்னய்யா இது? தொறய்யா."

"பொருள் கிடைச்சதுல ரொம்ப சந்தோஷம்ங்க ஐயா," என்றேன். சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய குறிப்பாணையை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் விரித்துக் காட்டினேன். "இந்தக் குறிப்பாணைய முடிச்சு வெச்சுடலாங்களா?"

அவர் அதைப் படித்தார். தன் அட்டையைப் பார்த்தார். மறுபடி குறிப்பாணையைப் பார்த்தார். பிறகு கோட்டுக்காரரைப் பெயர் சொல்லி அலறினார். கோட்டுக்காரர் கைக்கணினியைத் தட்டித் தட்டி வெளிறிப்போனார்.

"ஐயா, பதினோரு ஆபீசும் ஒத்துக்கிட்டாச்சு. நீங்க காலாவதி."

"நான் மனுஷன்யா! உனக்குத் தெரியலயா?"

"தெரியுதுங்க ஐயா. ஆனா அது..." கோட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கண் சிமிட்டாமல் நின்றேன். "அது ஒரு ஆளோட சாட்சிங்க ஐயா."

"கதவத் தொறக்க என்ன வழி?"

"காலாவதிப் பொருள வெளிய எடுக்கணும்னா அழிப்புக் குழு வந்து கட்டைவிரல் வெக்கணும். குழுவக் கூட்ட ஏழு நாள் நோட்டீஸ் வேணும்."

உள்ளே நான்கு டிகிரி. ஆணையரின் வெள்ளைச் சட்டை மெல்லியது. அவர் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பல் தந்தியடிக்க ஆரம்பித்தது.

"அவசரக் கைப்பிடி! அவசரக் கைப்பிடின்னு ஒண்ணு இருக்குமே?"

"இருக்குங்க ஐயா. ஊழியர்கள் இஷ்டத்துக்கு இழுக்கறாங்கன்னு சொல்லி, அதக் கண்ணாடி அலமாரிக்குள்ள மாத்த நீங்கதான் உத்தரவு போட்டீங்க. மூணாவது அலமாரி."

"அதத் தொற!"

"அது காலி அலமாரிங்க ஐயா. காலி அலமாரிய சங்கிலி தொறக்காது."

அவர் அலமாரியைப் பார்த்தார். உள்ளே மூன்று பெட்டிகள் பளபளத்துக்கொண்டிருந்தன. நான் மேசைக்கு அடியில் குனிந்து சுத்தியலை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன்.

"உடைக்கச் சொல்றியா? என்னையா?"

"நான் உடைச்சா திருட்டுங்க ஐயா. நீங்க பொருள். பொருள் இன்னொரு பொருள் மேல மோதினா அது விபத்து."

கிடங்கில் இருந்த நாற்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஆணையர் சுத்தியலை வாங்கினார். முதல் அடி வழுக்கியது. இரண்டாவதில் விரிசல். மூன்றாவதில் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. எனக்கு ஒரு வருடப் பசி ஆறியது போல இருந்தது.

"கைப்பிடி எங்கய்யா?"

"பெட்டிங்களுக்குப் பின்னாடி. முதல்ல அந்த மூணு பெட்டியையும் எடுத்து இப்படிக் கொடுங்க. ஒவ்வொண்ணா. ரெண்டு கையாலயும். குலுக்காதீங்க."

"இது... லாரியில இருக்கறதா சொன்ன மருந்துதானே?"

"ஆமாங்க ஐயா. நீங்க இப்ப லாரிக்குள்ளதான் கைய விட்டிருக்கீங்க."

ஒவ்வொன்றாக மூன்றையும் நீட்டினார். வாங்கினேன். கட்டைவிரல் யாரும் வைக்கவில்லை. "கைப்பிடி கொஞ்சம் இறுக்கமா இருக்கும், விடாம இழுங்க" என்று சொல்லிவிட்டு, படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி மூன்றாவது மாடிக்கு ஓடினேன். கைப்பிடியை இழுத்து வெளியே வர அவருக்கு இருபது நிமிடம் ஆனதாகப் பிறகு சொன்னார்கள். அக்காவுக்கு ஊசி ஏற அரை மணி நேரம் ஆனது.

நான்கு நாள் கழித்து டாக்டரம்மா சொன்னார். "காப்பாத்திட்டோம். ஆனா பாதிதான் மிச்சம். போன பாதி திரும்பாது."

நான் முழுசாகக் கொடுத்தேன். பாதியைக் கொண்டுபோனது யார் என்று எனக்குத் தெரியும். அந்த ஆள் எங்கே வேலை பார்க்கிறார் என்றும் தெரியும்.

ஆனால் அவராலும் இப்போது அங்கே வேலை பார்க்க முடியவில்லை. துறையின் கதவெல்லாம் சங்கிலிக் கதவு. அட்டையோடு போனால் தனிமைப்படுத்து என்று கத்தியது, அட்டை இல்லாமல் போனால் யார் நீ என்று கேட்டது. குளிர் வசதியில்லாத வாகனத்தில் ஏற்றக்கூடாத பொருள் என்று அலுவலகக் கார் அவரை ஏற்ற மறுத்தது. அவருக்கு வந்த கடிதமெல்லாம், பொருளின் பொறுப்பாளர் என்ற முறையில், என் மேசைக்கு வந்தது. அவரே ஒரு கடிதம் எழுதினார். தான் மருந்து அல்ல, மனிதன் என்று பொறுப்பாளராகிய நான் சான்று தந்தால் மேற்கொண்டு யோசிக்க வழி உண்டாம். நான் பதில் எழுதினேன். அவர் எனக்கு எழுதிய அதே மூன்று வரி. 'தங்கள் கோரிக்கை பெறப்பட்டது. சங்கிலியில் தவறு நேராது. பொருள் என் பொறுப்பில் உள்ளது.'

கடைசியில் ஒரே வழிதான் மிச்சம். அழிப்புக் குழு. மூன்று அதிகாரிகள் ஒரு காலைப்பொழுதில் என் கிடங்குக்கு வந்தார்கள். விதிப்படி பொருளைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆணையர் கூண்டுக்குள் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். எடை போட்டார்கள்: எண்பத்தொரு கிலோ. சீல் உடைந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்து, 'லேசாக' என்று எழுதிக்கொண்டார்கள்.

குழுத் தலைவர் படிவத்தைப் பிரித்தார். "கடைசிக் கேள்விக்கு ஒரு நோயாளி சாட்சி சொல்லணும். அது பழைய காகிதக் காலத்து விதி. எடுக்க மறந்துட்டாங்க. சாட்சியோட விரல மட்டும் சங்கிலி ஏத்துக்கும்."

"இருக்காங்க," என்றேன்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே வந்தாள். அவள் தைத்த நல்ல உடுப்பைப் போட்டிருந்தாள், தலை வாரியிருந்தாள். ஆணையர் கம்பிக்குப் பின்னால் எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். அவருக்கு அவளைத் தெரிந்தது. போன தடவை அவள் காலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரியே அவர் இப்போது தன் காலை முக்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

குழுத் தலைவர் விளக்கினார். "கேள்வி ஒண்ணுதாம்மா. நீங்க 'ஆம்'னு சொன்னா, இந்தப் பொருளுக்கு இன்னொரு வருஷம் ஆயுள் கொடுத்துத் திரும்ப எடுத்துக்குவோம். பழைய இடத்துக்கே போயிடும். 'இல்லை'ன்னு சொன்னா, அழிக்கப்பட்டதுன்னு பதிஞ்சிடுவோம். ஆளுக்கு ஒண்ணும் ஆகாது, வீட்டுக்குப் போகலாம். ஆனா துறையில அப்புறம் அப்படி ஒரு பொருள் இருந்ததாவே இருக்காது."

"அம்மா," என்றார் ஆணையர். குரல் மெலிந்திருந்தது. "அன்னைக்கு நான் சொன்னது... தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

"எடுத்துக்கலீங்க," என்றாள் அக்கா. "நீங்களும் தியாகம்னு நினைச்சுக்குங்க. பெருமையா இருக்கும்."

குழுத் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தைப் படித்தார். "இந்தப் பொருளால் நோயாளிக்கு ஏதாவது பயன் உண்டா?"

அக்கா கூண்டை மேலிருந்து கீழே வரை ஒரு தடவை பார்த்தாள். அவசரப்படவே இல்லை.

"இல்லை," என்று சொல்லிவிட்டு, கட்டைவிரலை வைத்தாள். முதல் தடவையிலேயே பச்சை விழுந்தது.